ஆறு பேருக்கு நாற்பத்திரண்டு டின்

கணக்குப் பாடம் என்றால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். பயம் இல்லை, கோபம். சரித்திரப் பரீட்சையில் ஒரு ராஜா எந்த வருஷம் செத்தான் என்று எழுதினால் மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. கணக்கில் மட்டும், விடையைச் சரியாக எழுதிய பிறகும், அது எந்த வழியாக வந்தது, எந்தச் சந்தில் திரும்பியது என்று போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் வரிவரியாக எழுதிக்கொடுக்க வேண்டும்.

எங்கள் கணக்கு மிஸ் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த போர்த்துக்கீசிய வம்சத்துக்காரர். முழங்காலுக்குக் கீழே இறங்கிய பூப்போட்ட கவுன், கையில் எப்போதும் ஒரு ரூலர். விடையை மட்டும் எழுதியிருந்தால் அதன்மேல் பெரிய முட்டையாகப் போட்டுவிட்டு, "ஸ்டெப் எங்கே? ஸ்டெப் எங்கே?" என்று ரூலரால் மேசையைத் தட்டுவார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மனக்கணக்கில் புலி. அதனாலேயே வகுப்பில் அதிகம் முட்டை வாங்கியவளும் நான்தான்.

எங்கள் தோட்டம் டுரியான் துங்காலிலிருந்து உள்ளே நாலு மைல். அப்பா தோட்டத்துப் பால் லாரி ஓட்டினார். பால் என்றால் ரப்பர் மரத்துப் பால். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டோரில் இறக்குவது அவர் வேலை. காலையில் முதல் நடைக்குப் போகும்போது என்னைப் பெரிய ரோட்டில் இறக்கிவிடுவார். அங்கிருந்து பஸ் பிடித்து மலாக்கா டவுனுக்குப் போய்ப் படித்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பெண் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அது மலாயாவில் வெள்ளைக்கார அரசு போட்ட அவசர காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று லயங்கள் என்கிற எங்கள் வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். கேட்டில் மாத்தாக்கள் நிற்பார்கள். போலீஸ்காரர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. பால் வெட்டப் போகிறவர்கள் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒரு கவளம் சோறு, ஒரு துண்டு கருவாடு வேலியைத் தாண்டக் கூடாது. அரிசி ரேஷனில் கிடைக்கும். கார்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. இரண்டாவது லயத்தில் ஒருவர் வாளிக்கு அடியில் கருவாட்டை மறைத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். மரத்தடியில் உட்கார்ந்து தானே பசியாறுவதற்கு என்று அழுது பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து அவரையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் சேர்த்து ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்தப் பிள்ளைகள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத்திலோ அந்த மாதம் எங்களுக்குக் கோட்டைக் கணக்கு. ஒரு கோட்டையில் அறுநூறு வீரர்களுக்கு முப்பத்தைந்து நாள் சாப்பாடு இருக்கிறது. இன்னும் நூறு பேர் வந்து சேர்ந்தால் எத்தனை நாளைக்கு வரும்? முப்பது. இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் மிஸ்ஸுக்கு அறுநூறை முப்பத்தைந்தால் பெருக்க வேண்டும், ஏன் பெருக்கினாய் என்று எழுத வேண்டும், பிறகு எழுநூறால் வகுக்க வேண்டும், ஏன் வகுத்தாய் என்றும் எழுத வேண்டும். எனக்கு அந்தக் கோட்டையின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

வீட்டில் இதைத் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அறுநூறு ஆம்பளையும் ஒரே அளவாவா திம்பானுங்க? ஒருத்தனுக்குக்கூட காச்சல் வராதா?"

"அம்மா, இது கணக்கு."

"இந்தக் கணக்க எழுதினவன் ஒருநாளும் உலை வச்சிருக்க மாட்டான்."

இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படி முன்னுக்கு வருவது?

அடுத்த வாரம் மிஸ் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். கோட்டைகள் போதும், இப்போது எல்லார் வீட்டிலும்தான் ரேஷன் கார்டு இருக்கிறதே, அவரவர் வீட்டு அரிசியை வைத்து ஒரு கணக்கை நீங்களே உண்டாக்கி, ஸ்டெப் ஸ்டெப்பாகப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். பத்து மார்க். அந்தத் தவணைக்கு அதுவும் சேரும் என்றார். முட்டைகளின் புண்ணியத்தில் நான் ஏற்கெனவே கீழ் வகுப்புக்கு இறங்கும் நிலையில் இருந்தேன். இந்தப் பத்தும் கிடைக்காவிட்டால் இறங்கியே விடுவேன்.

மற்ற பெண்களெல்லாம் இருப்பதையும் இல்லாததையும் போட்டு ஒரு கணக்கைச் சோடித்துக்கொண்டு போனார்கள். நான் உண்மையை எழுதினேன். எங்கள் கார்டில் ஆறு பேர். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. வாரத்துக்கு எங்களுக்குக் கிடைத்த அரிசி, கெட்டிப்பால் டின்னால் அளந்தால் நாற்பத்திரண்டு டின். அம்மா காலையில் மூன்று டின், மாலையில் மூன்று டின் உலையில் போடுவார். ஆறேழு நாற்பத்திரண்டு. இதைவிட அழகான கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

ஆனால் அரிசி ஏழு நாள் வந்தால்தானே? வியாழக்கிழமை ராத்திரிச் சோற்றோடு தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை பூராவும் மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் காலத்தில் தின்று தின்று எனக்குக் கிழங்கின் வாசனையே ஆகாது. தம்பிகள் சிணுங்குவார்கள். அப்பா மட்டும் வாயைத் திறக்காமல், தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். இத்தனைக்கும் பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமையும் சோறு வெந்தது.

நாற்பத்திரண்டு டின் ஆறு நாளில் தீர்கிறது. நான் நோட்டில் மிஸ் கேட்டபடியே எழுதினேன்.

எங்கள் கார்டில் 6 பேர்.
வீட்டில் இருக்கும் அரிசி 42 டின்.
அது தீர்ந்தது 6 நாளில்.
எனவே ஒரு நாளில் செலவானது 42 ÷ 6 = 7 டின்.
ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டின்.
எனவே எங்கள் வீட்டில் இருப்பவர்கள் 7 பேர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஸ்டெப்பையும் விடாமல் எழுதியிருந்தேன். மிஸ் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது எல்லா வரிக்கும் சரி போட்டு, கடைசி வரியை மட்டும் சிவப்பு மையால் வட்டம் கட்டியிருந்தார். மேலே ஆறு பேர் என்கிறாய், கீழே ஏழு பேர் என்கிறாய். ஸ்டெப்பில் தப்பில்லை, நீ எண்ணியதில்தான் தப்பு. வீட்டுக்குப் போய் ஒழுங்காக எண்ணிக்கொண்டு வா. இரண்டு வாரம் தருகிறேன். இவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஸ்டெப் இல்லாமல் சரியான விடை எழுதினால் முட்டை. ஸ்டெப்போடு எழுதினால் விடை தப்பு. சரி, எண்ணிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

முதலில் ஆட்களை எண்ணினேன். ஆறுதான். அடுத்து உலையை எண்ணினேன். சனி முதல் வியாழன் வரை, காலை உலைக்கும் மாலை உலைக்கும் அம்மாவின் பக்கத்தில் நின்று டின்னை எண்ணினேன்.

"நகருடி அந்தாண்ட. அடுப்புல விழப்போறே."

"ரெண்டு. அம்மா, தலை தட்டிப் போடுங்க. கும்பமா அள்ளுனா கணக்கு வராது."

"அரிசிய எண்ணாத புள்ள. எண்ணுனா வீட்டுல தங்காது."

"மூணு."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அதை, படிக்காதவர்கள் படித்தவர்களைப் பார்க்கும் பார்வை என்று எடுத்துக்கொண்டேன். ஆறு நாளும் ஆறாறு டின்தான் உலைக்குப் போனது. முப்பத்தாறு. வியாழக்கிழமை ராத்திரி அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு மணி இல்லை. அப்படியானால் மீதி ஆறு டின் எங்கே?

எலியா என்று பார்த்தேன். நாங்கள் அரிசி வைத்திருந்தது மூடி போட்ட மண்ணெண்ணெய் டின்னில். மூடிமேல் அம்மிக் குழவி. எலி குழவியைத் தூக்காது. அதோடு, எலி தின்றால் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். இங்கே பிசகாமல் ஒரு நாளைக்கு ஒரு டின் குறைகிறது. எலி டின் வைத்து அளக்காது. கோழிக்குப் போட்டார்களா? எங்கள் வீட்டில் கோழி கிடையாது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். ரேஷன் அரிசியை நிறுத்துக் கொடுக்கும் கிராணி, அதாவது தோட்டத்து கிளார்க், அளவில் ஏமாற்றுகிறார்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை பேர் வாரா வாரம் வரிசையில் நிற்கிறார்களே, ஒருவருக்காவது கணக்குத் தெரிந்ததா?

சனிக்கிழமை காலை ரேஷன் கொட்டகைக்கு அம்மாவோடு போனேன். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நீள வரிசை, பாதிக்கு மேல் பெண்கள். கிராணி தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு மாத்தாக்களின் சார்ஜன் உட்கார்ந்திருந்தார். மலாய்க்காரர், எங்களோடேயே இருந்து இருந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். அப்பாவின் லாரி கொட்டகைக்கு எதிரில்தான் நின்றது. அப்பா முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு டின்னால் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்து, கிராணி அரிசியை நிறுத்து எங்கள் பையில் கொட்டப் போனார். நான் கெட்டிப்பால் டின்னைப் பாவாடை மடிப்பிலிருந்து எடுத்தேன்.

"கிராணி ஐயா, இதுல அளந்து குடுங்க. எங்களுக்கு வாரம் ஆறு டின் குறையுது."

வரிசை கலகலத்தது. கிராணியின் முகம் கறுத்துவிட்டது. "என்ன சொன்னே? நான் குறைக்கிறேனா?"

"ஏய், வாய மூடு," என்று அம்மா என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். தலைக்கனம் என்று சொன்னேனே, அது இங்கேதான் வேலை செய்தது.

கிராணிக்கு மானப் பிரச்சினை. சார்ஜன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். எடையைக் காட்டி நிறுத்து, பிறகு என் டின்னையே வாங்கி, எல்லாரும் பார்க்க ஒவ்வொரு டின்னாகத் தலை தட்டி எண்ணிப் பையில் போட்டார். வரிசையில் இருந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். நாற்பது, நாற்பத்தொண்ணு, நாற்பத்திரெண்டு. சாக்குத் துணியில் சிந்தியதுகூட இல்லை.

"பாத்தியா? எங்க குறையுது?" என்றார் கிராணி. ஜெயித்துவிட்டதால் கொஞ்சம் இரக்கமும் வந்தது. "போம்மா, எலி தின்னுருக்கும்."

"எலி இல்லைங்கய்யா. மூடி போட்ட டின்னு, மேல குழவிக்கல்லு வச்சிருக்கு."

எங்களுக்குப் பின்னால் நின்ற மூன்றாவது லயத்து அத்தை சிரித்தார். "உங்கம்மா கை தாராளம்டி. ஒரு பிடி கூடப் போட்டிருக்கும்."

"இல்லத்தே. ஆறு நாளும் நான் பக்கத்துல நின்னு எண்ணினேன். முப்பத்தாறுதான் உலைக்குப் போச்சு."

"கோழிக்கு எறைச்சிருப்பாங்க, விடு."

"எங்க வீட்டுல கோழி இல்ல."

சிரிப்பு நின்றுபோனது. அந்தப் பெண்கள் எனக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டார்கள் என்பதும், நான் ஒவ்வொன்றையும் சாத்திப் பூட்டினேன் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னை மட்டும் கெடுத்துக்கொள்ளும்.

சார்ஜன் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"பெராஸ் இங்கே சரியா குடுத்தாச்சு," என்றார். அரிசிக்கு அவர் மலாயில்தான் சொல்வார். "உன் வீட்டு உலைக்கும் போகல. எலிக்கும் போகல. அப்போ ஒரு நாளைக்கு ஒரு டின், எங்கே போகுது லா?"

அதுதான் என் கேள்வியும். கடைசியில் ஒருவராவது கணக்கைப் புரிந்துகொண்டாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. கருவாட்டுக்காகப் பிடிபட்டவரின் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றார். சார்ஜன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கார்டை வாங்கிப் பெயரைப் பார்த்தார். டிரைவர் என்று இருந்ததும் தலையைத் திருப்பி லாரியைப் பார்த்தார். அப்பா தண்ணீர் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நான்தான் தின்னேன், துவான்," என்றார் அம்மா.

சார்ஜன் திரும்பினார்.

"மசக்கை. ரெண்டு மாசம். பச்சரிசியப் பாத்தா கை நிக்க மாட்டேங்குது. அள்ளி அள்ளித் திங்கறேன். நாலு புள்ளைக்கு அப்புறம் இதைப் போயி யாருகிட்ட சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

மூன்றாவது லயத்து அத்தை வாயில் கையை வைத்து, "அடிப் பாவி, சொல்ல வேணாமா!" என்று கத்தினார். அவ்வளவுதான், வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் அப்படித்தான், எனக்கு அடுப்புச் சாம்பல், எனக்குச் செவுத்து மண்ணு என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கிராணி கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சார்ஜனுக்குக் காது சிவந்துவிட்டது. பொம்பளை சமாசாரம் என்று முணுமுணுத்துக்கொண்டு நோட்டைப் பைக்குள் திணித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அம்மா அன்றைக்கு அதைப் பட்டப்பகலில் நூறு பேர் முன்னால் மறைத்தார்.

"ஆனா அம்மா, நீங்க எப்ப..." என்று நான் தொடங்கினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் விளக்குமாறு பிய்யப் பிய்ய அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அம்மா அரிசியை டின்னில் கொட்டி, மூடி, குழவியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஊர் முன்னால் வெட்கப்பட வைத்துவிட்டேன் என்று கோபம்போலும் என எண்ணிக்கொண்டேன். எனக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. கணக்கு சரியாகிவிட்டதே! ஏழாவது ஆள் அம்மாவின் வயிற்றில். மிஸ் வட்டம் கட்டிய வரிக்குக் கீழே, பிறக்கப்போகும் பிள்ளையையும் சேர்த்து ஏழு பேர் என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மிஸ் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்துக்குப் பத்து போட்டார். நான் கீழ் வகுப்புக்கு இறங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, நிற்கவில்லை, கலைந்துவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னார். மூன்றாவது லயத்து அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து, உடம்பு தேற என்று மிளகும் பூண்டும் போட்டு இடித்த காயத்தைக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். அம்மா அவர் எதிரிலேயே அதை முழுக்க விழுங்கினார். பத்து நாள் அப்படி. எனக்கு அழுகையாக வந்தது. பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

இதெல்லாம் என்ன என்று எனக்குத் தெரிந்தது முப்பது வருஷத்துக்குப் பிறகு. அப்பா காலமாகியிருந்தார். அம்மா எங்களோடு புக்கிட் பெருவாங் வீட்டில் இருந்தார். என் மகள் கணக்கு டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திட்ட, அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே, "விடு, நீ போட்ட கணக்கு போதாதா?" என்றார். நான் பழைய கதையைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"செலண்டார் பக்கத்து டிவிஷன்ல ஒருத்தி இருந்தா. அவளுக்கு மூணு வயசுல ஒரு பையன். உங்கப்பா புள்ள."

நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னார். கார்டு எழுத வந்தவர்கள் தகப்பன் பெயர் கேட்டார்களாம். சொன்னால் எங்கே எங்கள் லயத்துக்குச் சேதி வந்துவிடுமோ என்று, அவள் பிள்ளையின் பெயரையே கொடுக்கவில்லையாம். அவளுக்கு மட்டும் ரேஷன், பையனுக்கு இல்லை. லாரி கிளீனரின் பெண்டாட்டி வாய் வழியாக அது எப்படியும் அம்மாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. ரெண்டு நாளு நான் அவருகூடப் பேசல. மூணாம் நாளு யோசிச்சேன், அந்தப் புள்ள என்னா பண்ணுச்சு? அரிசி இருக்குற நாளெல்லாம், நீங்க பாக்காத நேரமா நான்தான் அளந்து குடுத்தேன். லாரிக்குத் தண்ணி ஊத்துற டின்னுல போட்டு எடுத்துக்கிட்டுப் போவாரு."

"நீங்களா? நீங்களே அளந்தீங்களா?"

"ஒரு டின்னு. தலை தட்டி. அதுக்கு மேல ஒரு மணி போடல. அவளுக்கு எதுக்கு நான் போடணும்? புள்ளைக்குத்தான்."

அம்மா மட்டும் கொஞ்சம் தாராளமாகவோ, கொஞ்சம் கஞ்சத்தனமாகவோ அள்ளிப் போட்டிருந்தால் எனக்கு அந்தக் கணக்கு வந்தே இருக்காது. அவருக்கிருந்த கோபம் அளவு பிசகாத கோபம். அதனால்தான் பிசகாமல் ஏழு என்று வந்தது. உலையில் தினம் கொஞ்சம் குறைத்திருந்தால் வெள்ளிக்கிழமைக்கும் சோறு இருந்திருக்குமே, யாருக்கும் தெரிந்திருக்காதே என்று கேட்டேன்.

"உங்க பங்குல நான் ஏன் குறைக்கணும்? அதோட, வாரத்துல ஒரு நாளாச்சும் புள்ளைங்க எதிர்ல உக்காந்து அந்தக் கெழங்கு அவரு தொண்டையில எறங்கணும்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? நீ வரிசையில நின்னு கத்துன. அந்தச் சார்ஜன் லாரியப் பாத்தான். டின்னுக்கு அடியில அரிசி மணி ஒட்டிக்கிட்டு இருந்துருக்கும். நிறுத்திட்டோம்." அம்மா நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தார். "கொஞ்ச நாள்ல அவ புள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கேருந்து போயிட்டா. எங்கன்னு உங்கப்பா தேடிப் பாத்தாரு. தெரியல."

அந்தப் பையன் பெயர் என்ன என்று கேட்டேன். அம்மா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவுக்கு வருவதெல்லாம் வரிசையில் நின்ற அந்தச் சனிக்கிழமை அல்ல, அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு முதல்முறையாக எங்கள் வீட்டில் ஏழாம் நாளும் சோறு வெந்தது. ஆவி பறக்கும் சோற்றைப் பார்த்துத் தம்பிகள் தரையில் குதித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வாயைக் கட்டியதால் அரிசி மிஞ்சிவிட்டது, ஆறேழு நாற்பத்திரண்டு என்பது நிரூபணமாகிவிட்டது.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவர் தட்டில் சோற்றைப் போட்டார். அவர் கையை வைக்காமல் இருந்ததைப் பார்த்து, இன்னும் ஒரு அகப்பை போட்டார்.

"பாத்தீங்களாப்பா, இன்னிக்குக் கணக்கு சரியா வந்துருச்சு!" என்றேன்.

அப்பா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், படிக்காத மனிதர், விளங்கவில்லைபோலும் என்று நினைத்து, நோட்டை எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு ஸ்டெப்பாக அவருக்கு விளக்க ஆரம்பித்தேன்.